நல்ல புழு

அத்தியாயம் பதினொன்று

காலை எட்டே காலுக்கு மருமகள் பையைத் தோளில் மாட்டினாள்.

"சாப்பாடு மேசைமேல மூடி வச்சிருக்கேன் மாமா."

"ம்" என்றார் டிரைவர்.

அந்த வீட்டில் ஒரு நாளைக்குச் செலவாகும் பேச்சில் பாதி அத்தோடு முடிந்தது. மீதிப் பாதி சாயங்காலம் அவள் திரும்பி வந்து விளக்கைப் போடும்போது.

டிரைவர் என்பது தெரு அவருக்கு வைத்த பெயர். முப்பத்து நான்கு வருடம் பேருந்து ஓட்டியவர். 'ஓட்டுநரிடம் பேசாதீர்கள்' என்று தலைக்கு மேலே எழுதிப் போட்டிருந்த வேலை. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பலகையைக் கழற்றாமல் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார் என்று அவர் மனைவி சொல்லிக் காட்டுவாள். அப்படிச் சொல்லவும் ஆளில்லாமல் போய் மூன்று வருடம் ஆகிவிட்டது.

மகன் வேலை மாறி வேறு ஊருக்குப் போனது எட்டு மாதத்துக்கு முன்னால். "வீடு பார்த்துட்டு வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனான். முதலில் தினமும் பேசினான். பிறகு வாரத்துக்கு ஒரு தடவை. இந்த இரண்டு மாதமாக அவள் கூப்பிட்டால் மணி மட்டும்தான் அடிக்கிறது. கேட்பவர்களிடம் அவள், "இன்னும் வீடு அமையல" என்கிறாள். எட்டு மாதமாக வீடு அமையாத ஊர் எது என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. அப்படிக் கேட்காமல் விடுவதுதான் அவளைச் சுட்டது.

அன்று வியாழக்கிழமை. மருமகள் தெருமுனை திரும்பியிருப்பாள், தொலைபேசி அடித்தது.

"அப்பா, அவ கிளம்பிட்டாளா?" மகன்தான்.

"இப்பத்தான் போனா. கூப்பிடட்டுமா?"

"வேணாம், வேணாம். உங்ககிட்டதான் பேசணும்." தொண்டையைச் செருமிக்கொண்டான். "நான் திரும்பி வரப்போறதில்லைப்பா."

"லீவு தரமாட்டேங்கறாங்களா?"

"லீவு விஷயம் இல்லப்பா. வரப்போறதே இல்ல. இங்க எனக்கு ஒருத்தங்க பழக்கம். ஆறு மாசமா ஒரே வீட்டுலதான் இருக்கோம். வக்கீலைப் பாத்துட்டேன். அவ கையெழுத்துப் போட்டா பிரச்சினை இல்லாம முடிஞ்சிடும். நீங்களே அவகிட்ட பக்குவமா எடுத்துச் சொல்லிடுங்க. நீங்க சொன்னா கேட்டுப்பா."

டிரைவர் தொலைபேசியை ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மாற்றினார்.

"அப்பா? கேக்குதா?"

"கேக்குது."

"அப்ப சரி. வச்சிடறேன்."

வைத்துவிட்டான்.

நீங்க சொன்னா கேட்டுப்பா. அவர் இதுவரை அந்தப் பெண்ணிடம் என்ன சொல்லியிருக்கிறார்? கேஸ் தீர்ந்துவிட்டது என்று ஒரு தடவை. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று இரண்டு மூன்று தடவை.

அவர் எழுந்தார். உட்கார்ந்தார். மேசையில் மூடியிருந்த தட்டைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். அறைக்குள் போய் எதற்குப் போனோம் என்று தெரியாமல் திரும்பினார். வீட்டுக்குள் நடக்க இருக்கும் இடமெல்லாம் தீர்ந்த பிறகு, கொல்லைக் கதவைத் திறந்தார்.

மூன்று பக்கமும் சுவர். நான்கு எட்டு வைத்தால் தீர்ந்துபோகும் இடம். உடைந்த நாற்காலிகள் கிடந்த அந்த மூலையில் இப்போது அவரைக்கொடி பந்தலில் ஏறியிருந்தது. சுவரோரமாகத் தக்காளி. துளசி அளவுக்கு வளர்ந்த ஏதோ ஒரு மஞ்சள் பூச்செடி. இதெல்லாம் எப்போது முளைத்தது என்று அவருக்கே திகைப்பாக இருந்தது. மருமகள் வாளியில் தண்ணீர் எடுத்துப் போவதைப் பார்த்திருக்கிறார். எங்கே ஊற்றுகிறாள் என்று போய்ப் பார்த்ததில்லை.

கிட்டே போனார். கொடியின் கொழுந்தெல்லாம் சுருண்டிருந்தது. பச்சையாய்ப் பொடிப்பொடியாக ஏதோ அப்பிக்கிடந்தது. எறும்பு வரிசை ஒன்று தண்டில் ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருந்தது. அதற்கு நடுவே, இலைக்கு இலை, கறுப்பாக, உடம்பெல்லாம் முள்ளுமுள்ளாக, முதுகில் ஆரஞ்சுப் பொட்டு வைத்த புழுக்கள். அரிசி மணி நீளம்தான். பார்த்தாலே உடம்பு கூசியது.

'அடப்பாவமே, இவ்வளவு அரிச்சிருக்கு. பாவம், காலைல போனா சாயங்காலம் வர்றவ. எங்க கவனிப்பா?'

மகன் செய்து வைத்திருப்பதற்கு அவரால் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை. இதற்குச் செய்யலாம்.

குவளையில் தண்ணீர் பிடித்து, சோப்புத்தூள் ஒரு கை போட்டுக் கலக்கினார். மூக்குக்கண்ணாடியை மாட்டினார். மருமகளே தான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் வில்லை அரைத்துச் சட்டத்தில் பொருத்திக் கொண்டுவந்து கொடுத்த கண்ணாடி அது. அதைப் போட்டால் இலை நரம்புகூடத் துல்லியமாகத் தெரிந்தது. ஒவ்வொரு இலையாகப் புரட்டி, ஒவ்வொரு புழுவாகக் கிள்ளிக் குவளையில் போட்டார். இலைக்கு அடியில் மஞ்சளாக முட்டைகள் ஒட்டியிருந்த இடங்களையும் ஈரத்துணியால் துடைத்தார். ஒரு புழு வாலால் தொங்கிக்கொண்டு அசையாமல் இருந்தது. அதையும் சுரண்டி எடுத்தார்.

கை வேலை செய்ய, வாய் ஒத்திகை பார்த்தது.

"அம்மாடி, ஒரு விஷயம்." ஒரு புழு தண்ணீருக்குள்.

"அம்மாடி, மனசைத் தேத்திக்கோ." இன்னொன்று.

"அம்மாடி, என் வயித்துல பொறந்தது சரியில்ல." இது கொஞ்சம் நாடகம் மாதிரி இருந்தது. விட்டுவிட்டார்.

---

பதினோரு மணிக்கு மகள் வந்தாள். பள்ளிச் சீருடை தைக்கிறவள். மூன்று தெரு தள்ளி வீடு. சின்ன வயதிலிருந்தே வீட்டில் அவளுக்குப் பட்டாசு என்று பெயர். திரியைக் கொளுத்த வேண்டிய அவசியம்கூடக் கிடையாது.

"என்னப்பா இது, வெயில்ல நின்னு பூச்சி பொறுக்கிட்டு? அதுக்குன்னு ஒருத்தி இருக்காளே, அவ எங்க?"

"வேலைக்குப் போயிருக்கா."

"தம்பி பேசினானா?"

அவர் குவளையோடு நிமிர்ந்தார். "உனக்குத் தெரியுமா?"

"போன மாசமே தெரியும். நான் மட்டும் சும்மா விட்டேனா? வாய் வலிக்கத் திட்டினேன். கேட்டாத்தானே? தலைக்கு மேல வெள்ளம் போனப்புறம் சாண் என்ன, முழம் என்ன." பட்டாசு கொல்லைப் படியில் உட்கார்ந்தாள். குரல் சற்று இறங்கியது. "அப்பா, நான் நேராவே கேக்கறேன். அவனே விட்டுட்டுப் போயிட்டான். இனிமே அவ உங்களுக்கு யாரு? நீங்க அவளுக்கு யாரு? நாலு பேர் கேட்டா என்னன்னு சொல்றது?"

"நாலு பேர் கேக்கறதே இல்லையே."

"இனிமே கேப்பாங்க. வீட்டைப் பூட்டிட்டு என்கூட வந்துடுங்க. தையல் மெஷின் இருக்கற ரூமைக் காலி பண்ணிட்டேன். ஜன்னல்கூட இருக்கு."

"அந்தப் பொண்ணு?"

"அவ அண்ணன் இருக்கானே."

"ரெண்டு ரூம்ல ஆறு பேர் இருக்காங்க அங்க."

"அது அவங்க பாடு. ஊர்ல இருக்கற எல்லாரையும் நாம தோள்ல தூக்கிட்டு நடக்க முடியுமா?" எழுந்து அவர் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த இலையைத் தட்டிவிட்டாள். "உங்களைத் தனியா விட்டுட்டு எனக்கு அங்க தூக்கம் வரலப்பா. ஞாயித்துக்கிழமை காலைல ஒம்பது மணிக்கு வண்டியோட வர்றேன். துணிமணியெல்லாம் எடுத்து வைங்க."

"ம்" என்றார்.

அந்த 'ம்' சம்மதமா, மறுப்பா என்று அவருக்கே தெரியாது. பட்டாசு அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு போனாள்.

---

கடையில் மதியச் சாப்பாட்டு நேரம். அரவை இயந்திரத்தை நிறுத்திவிட்டு மருமகள் தன் மேசையிலேயே டப்பாவைத் திறந்தாள். வலது கையில் சோறு, இடது கையில் தொலைபேசி. வழக்கம்போல ஒரு தடவை கணவனைக் கூப்பிட்டாள். வழக்கம்போல மணி அடித்து ஓய்ந்தது. ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் என்று தனக்குத்தானே கணக்கு வைத்திருந்தாள். அதற்குமேல் போனால் அது பிச்சை.

பிறகு புழுக்களை நினைத்துக்கொண்டாள்.

மூன்று வாரத்துக்கு முன் அவரைக்கொடியில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி பிடித்தது. மருந்து வாங்கலாம் என்று நினைத்திருந்தபோதுதான் அந்தக் கறுப்புப் புழு கண்ணில் பட்டது. ஒன்றை மாத்திரைச் சீசாவில் போட்டுக் கடைக்குக் கொண்டுவந்து, வில்லையில் கீறல் பார்க்கிற பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தாள். குட்டி முதலை மாதிரி இருந்தது. அன்று கண்ணாடி வாங்க வந்திருந்த விவசாய ஆபீசர் ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"கொன்னுடாதீங்கம்மா. இது பொறிவண்டோட புழு. ஒரு நாளைக்கு அம்பது அசுவினி திங்கும். கொண்டுபோய் அதே செடியில விட்டுடுங்க."

விட்டாள். அன்றிலிருந்து தினமும் காலையில் பல் துலக்கிக்கொண்டே போய்ப் பார்ப்பாள். ஒன்று அசுவினியைப் பிடித்துத் தின்பதை முழுதாக நின்று பார்த்திருக்கிறாள். தோல் உரிப்பதைப் பார்த்திருக்கிறாள். பார்த்துக்கொண்டே பேசவும் ஆரம்பித்துவிட்டாள். "நேத்து மழையில எங்க ஒதுங்கினீங்க?" "இன்னிக்கு முதலாளி என்னைத் திட்டிட்டாரு, தெரியுமா?" கேட்கிறவர்கள் சிரிப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். கேட்கத்தான் யாருமில்லையே.

இன்று காலையில் ஒன்று இலையடியில் வாலை ஒட்டிக்கொண்டு தொங்கியிருந்தது. கூட்டுப்புழுவாக மாறப்போகிறது. இன்னும் ஐந்தாறு நாளில் அதிலிருந்து சிவப்பு வண்டு வெளியே வரும்.

அவள் வேலையைச் சீக்கிரம் முடித்தாள். வீட்டுக்குப் போக வேண்டும் என்று தோன்றி எத்தனையோ நாளாகியிருந்தது.

---

ஆறு மணிக்கு அவள் கதவைத் திறந்தபோது டிரைவர் கூடத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

"வந்துட்டியாம்மா? கொல்லைப் பக்கம் கொஞ்சம் வாயேன்."

அவராகப் பேச்சை எடுத்தது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. பையைக்கூட இறக்காமல் பின்னால் போனாள்.

"செடியெல்லாம் புழு அரிச்சுக் கிடந்துது. நீ பாத்திருக்க மாட்டே. ஒண்ணு விடாம எடுத்துட்டேன்." குவளையை நீட்டினார். "முப்பத்தொம்பது."

அவள் குவளைக்குள் பார்த்தாள். பிறகு பந்தலைப் பார்த்தாள். ஒவ்வொரு இலையும் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. தோளிலிருந்து பை நழுவிக் கீழே விழுந்தது.

"மாமா, இது கெட்ட புழு இல்ல."

"என்னம்மா?"

"இது பொறிவண்டோட குஞ்சு. சிவப்பா, கறுப்புப் புள்ளி வச்சு ஒரு வண்டு பறக்குமே, அது சின்னதுல இப்படித்தான் இருக்கும். செடியை உறிஞ்சறது இந்தப் பச்சை அசுவினி. அதைத் தின்னத்தான் இது வந்துச்சு."

டிரைவர் கொழுந்தைப் பார்த்தார். அசுவினி அப்படியே இருந்தது. எறும்புகள் இன்னும் தைரியமாக ஏறிக்கொண்டிருந்தன.

"எனக்குத் தெரியாதும்மா."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!" அவள் குரல் அந்த வீட்டில் அதுவரை எழுந்திராத உயரத்துக்கு எழுந்தது. பக்கத்து வீட்டு ஜன்னல் ஒன்று மெதுவாகத் திறந்தது. "ஒரே ஒரு வார்த்தை! இந்த வீட்டுல யாரும் யாரையும் எதுவும் கேக்கவே மாட்டீங்களா? எட்டு மாசம் மாமா! அதுல நான் வாய்விட்டுப் பேசினது இதுங்ககிட்டதான். எனக்குன்னு இங்க இருந்தது இதுங்க மட்டும்தான்!"

'நானும் இருந்தேனேம்மா' என்று சொல்ல நினைத்தார். இருந்தாரா?

அவள் குவளையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அவர் பின்னாலேயே போனார். சமையலறை மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து, வடிகட்டியில் தண்ணீரை வடித்துப் புழுக்களைக் காகிதத்தின் மேல் கொட்டினாள். கண்ணாடி துடைக்கிற மெல்லிய தூரிகை ஒன்று பையில் இருந்தது. அதன் நுனியால் ஒவ்வொன்றாகப் பிரித்து வரிசையாக வைத்தாள்.

டிரைவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். "நான் என்ன பண்ணட்டும்?"

அவள் நிமிரவில்லை. ஆனால் இன்னொரு தூரிகையை அவர் பக்கம் தள்ளினாள். "லேசாத் தொட்டுப் பாருங்க. கால் அசையுதான்னு."

இருவரும் பார்த்தார்கள். ஒரு பேருந்தையே சந்துக்குள் திருப்பிய கை அரிசி மணி அளவு உடம்பைத் தூரிகை நுனியால் புரட்டியது. அவள் இந்தப் பக்கத்திலிருந்து, அவர் அந்தப் பக்கத்திலிருந்து. வரிசை நடுவில் வந்து முட்டியது.

ஒன்றும் அசையவில்லை.

"இன்னொரு தடவை பாக்கட்டுமா?" என்றார்.

"வேணாம் மாமா. போயிடுச்சு."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு முதல் தடவையாக அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"எட்டு மாசமா அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்காதவரு. இன்னிக்கு என்ன மாமா?"

காலையிலிருந்து ஒத்திகை பார்த்த வாக்கியத்தில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

"காலைல அவன் பேசினான்."

"உங்ககிட்டயா?"

"நீ கிளம்பினப்புறம்."

அவளுக்கு அதற்குமேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இரண்டு மாதமாக அடித்து ஓய்ந்த மணி அவளுக்கு முக்கால்வாசியைச் சொல்லிவிட்டிருந்தது.

"வரமாட்டாராமா?"

"மாட்டானாம்."

"வேற யாராவது…?"

அவர் தலையை மட்டும் அசைத்தார்.

அவள் அழவில்லை. செய்தித்தாளின் நான்கு ஓரங்களையும் மடித்து, புழுக்கள் சிந்தாமல் பொட்டலமாக்கினாள். மடிப்பை நகத்தால் தேய்த்தாள். தேய்த்ததையே மறுபடியும் தேய்த்தாள்.

"உங்களைச் சொல்லச் சொன்னாரா?"

"ஆமா. கையெழுத்துப் போடணுமாம்."

"அதுக்குத்தான் புழு பொறுக்கினீங்களா?"

டிரைவர் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எப்படிச் சொல்றதுன்னு தெரியலம்மா. உனக்கு ஏதாவது ஒரு நல்லது பண்ணிட்டு, அப்புறம் சொல்லலாம்னு நினைச்சேன்."

அவளுக்குச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. பாதியிலேயே அது வேறாக மாறிவிட்டது. மேசையில் கவிழ்ந்து அழுதாள். டிரைவர் எழுந்து, தண்ணீர் எடுத்து வந்து பக்கத்தில் வைத்தார். தலையில் கை வைக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. பக்கத்திலேயே நின்றார்.

அவள் ஓய்ந்ததும் மீதியையும் சொல்லிவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை உன் நாத்தனார் வண்டி கொண்டு வர்றா. வீட்டைப் பூட்டிட்டு என்னைக் கூட்டிட்டுப் போறேங்கறா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"'ம்'னு சொன்னேன்."

"நான் எங்க போறதாம்?"

"உங்க அண்ணன் வீடுன்னு…"

"அங்க எனக்குப் படுக்க இடமில்ல மாமா." கோபமில்லாமல், தண்ணீர் வரவில்லை என்று சொல்வது போலச் சொன்னாள். "ராத்திரி அண்ணி குழந்தைங்களை நகத்திப் போட்டுத்தான் கதவையே மூடுவாங்க."

டிரைவர் தொலைபேசியை எடுத்தார். மகனின் எண்ணை அழுத்தினார். அவளும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியைப் போட்டு, இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தார். இரண்டாவது மணியிலேயே அவன் எடுத்தான். அப்பா கூப்பிட்டால் உடனே எடுக்கிறான் என்பதையும் அவள் கவனித்தாள்.

"சொல்லிட்டீங்களாப்பா?"

"சொல்லிட்டேன். ஆனா அது என் வேலை இல்ல. உன் வேலை. கல்யாணம் பண்ணிக்கிட்டவன் நீ. வந்து, அவ முன்னாடி உக்காந்து, உன் வாயால சொல்லு."

"அதெல்லாம் எதுக்குப்பா இப்ப? சங்கடம்தானே எல்லாருக்கும்."

"சங்கடப்படத்தான் சொல்றேன்."

முப்பது வருடத்தில் அப்பா இவ்வளவு பேசி மகன் கேட்டதில்லை. "அவ பக்கத்துல இருக்காளா?" என்றான்.

மருமகள் தொலைபேசி பக்கம் குனிந்தாள்.

"இங்கதான் உக்காந்திருக்கேன். நீங்க வந்து பேசாம நான் எந்தக் காகிதத்தையும் தொடமாட்டேன்."

அந்தப் பக்கம் தூரத்தில் ஏதோ பாத்திரம் வைக்கிற சத்தம். யாரோ அந்த வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தார்கள்.

"சரி. ஞாயித்துக்கிழமை வர்றேன்" என்றான். வைத்துவிட்டான்.

'வர்றேன்' என்ற அந்த ஒரு சொல்லுக்காக அவள் எத்தனை நாள் தொலைபேசியைத் தலைமாட்டில் வைத்துப் படுத்திருக்கிறாள். இன்று அது வந்தது. சந்தோஷம் இல்லை. பயமும் இல்லை. இன்னும் அந்த ஆளுக்காகக் காத்திருக்கிறோமா என்று அவளுக்கே தெரியவில்லை.

"அவரு வரும்போது நீங்க இங்க இருக்கணும் மாமா" என்றாள். "ஒரு வார்த்தை பேச வேணாம். சும்மா இருந்தா போதும்."

"பட்டாசு காலைல ஒம்பதுக்கே வந்துடுவாளே." டிரைவர் நெற்றியைத் தேய்த்தார். "அவன் எத்தனை மணிக்கு வர்றானாம்?"

"அதை யாரு கேட்டா? நீங்களும் கேக்கல, நானும் கேக்கல."

டிரைவர் மறுபடியும் எண்ணை அழுத்தினார்.

இந்தத் தடவை மணியே அடிக்கவில்லை. தொலைபேசி அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு பெண்குரல் இரண்டு தடவை சொல்லிவிட்டு நின்றது.